திருவுக்குப் பக்கத்தில் ஆளில்லை

சேரன்மகாதேவி
2.8.2024, வெள்ளி

அன்பு மகள் செல்விக்கு அப்பா பலவேசம் எழுதுவது.

கடுதாசியைப் பார்த்ததும் யாரோ போயிட்டாங்கன்னு பயந்துராத. எல்லாரும் இருக்கோம். அன்னைக்குச் சண்டையில, "இசக்கியம்மன் மேல சத்தியம், இனிமே உங்கூட போன்ல ஒரு வார்த்தை பேச மாட்டேன்"னு சொல்லிட்டேன்லா. சொன்ன வாயை வச்சிக்கிட்டு நான் படுத பாடு அந்த அம்மனுக்குத்தான் தெரியும். யோசிச்சுப் பார்த்தேன். பேச மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன், எழுத மாட்டேன்னு சொல்லல. தபாலாபீஸ்ல போய்க் கவர் கேட்டா, அந்த அம்மா என்னை மேலயும் கீழயும் பார்க்கா. "யாருக்கு அண்ணாச்சி, கோர்ட்டுக்கா?"ன்னு கேக்கா. மகளுக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆமான்னுட்டேன்.

விஷயத்துக்கு வாரேன். போன்ல நீ அனுப்பின கல்யாணப் பத்திரிகையைத் திறந்து பார்த்தேன். காகிதம் இல்ல, மஞ்சள் தடவ மூலை இல்ல. சரி, காலம் அப்படின்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

இந்த ஆத்தங்கரையில பாதிக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் நான். என் மகளுக்குச் சென்னை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்து, அப்புறம் ஓட்டல்ல முப்பது பேருக்குச் சாப்பாடு, ஒரு பந்தக்கால்கூடக் கிடையாதுன்னா எனக்குக் கோவம் வராதா? மாப்பிள்ளை மகாராஜன் மேல ஒரு குறையும் இல்ல. களக்காட்டுப் பையன், தலைமுடியை ஒழுங்கா வெட்டியிருக்கான், அது போதும். பந்தல் இல்லாததுதான் குறை. அந்தக் கோவத்துலதான் "அப்ப பத்திரிகையில என் பேரைப் போடாத"ன்னு கத்தினேன்.

கத்தினது வாஸ்தவம். ஆனா நீ பிறந்ததுலேருந்து நான் சொன்ன எதைக் கேட்டிருக்க? டீச்சருக்குப் படின்னேன், கேட்டியா? சென்னை வேண்டாம்னேன், கேட்டியா? இந்த ஒண்ணை மட்டும் எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கியே, இது என்னட்டி நியாயம்?

"திரு."ன்னு போட்டிருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு விரல் நீளத்துக்கு வெறும் வெள்ளை. அப்புறம் ஒரு கோடு. "திருமதி பேச்சித்தாய்." கீழே "தம்பதியின் மகள்." உங்கம்மா யாரோட தம்பதி? திரு இருக்கு, ஆளு இல்ல. பேரை எடுத்தவ அந்தத் திருவையும் சேர்த்து எடுத்திருக்கலாம்லா. அது அங்கன தனியா நிக்குதது, பஸ்ஸை விட்ட ஆளு மாதிரி இருக்கு.

பத்திரிகையில இல்லாத ஆளு கல்யாணத்துக்கு வாரது முறையில்ல. அதுக்காக வர மாட்டேன்னும் எழுதல.

இப்படிக்கு,
திரு.


சென்னை, வேளச்சேரி
6.8.2024

அப்பா,

உங்கள் பேர் பத்திரிகையில் இருக்கிறது. "பலவேசம்" என்று முழுசாக, முதல் வரியிலேயே. அதுவும் தங்க எழுத்தில். அம்மா பேர் கறுப்பு. மகாராஜன் வீட்டார் பேர் கறுப்பு. என் பேரே கறுப்புதான். உங்கள் பேர் ஒன்றுதான் தங்கம். போடாதே என்று கத்தினீர்கள் அல்லவா? அந்த ஆத்திரத்தில்தான் தங்கத்தில் போட்டேன். நான் உங்கள் மகள் இல்லையா? நீங்கள் சொன்ன எதை நான் கேட்டிருக்கிறேன்?

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பேர் இல்லை என்று சண்டையா, அல்லது வராமல் இருக்க ஒரு சாக்கு வேண்டுமா? சாக்கு என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். கூடத் தங்கியிருக்கிற பிள்ளைகள் "ஏய், யாரு உனக்கு லெட்டர் போடறது?" என்று சுற்றி நின்று பார்க்கிறார்கள். அப்பா என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பத்திரிகையைப் படமாக எடுத்து, அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். செப்டம்பர் 6 வெள்ளிக்கிழமை. நாள் ஓடுகிறது. தயவுசெய்து போனை எடுங்கள்.

செல்வி


சேரன்மகாதேவி
9.8.2024

அன்பு மகளுக்கு,

அச்சு வந்து சேர்ந்துச்சு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழட்டியும் பார்த்தேன். தேர்ச் சப்பரத்துல தகடு அடிச்ச மாதிரி மின்னுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா போனை எடுத்துத் திறந்தா அதே வெள்ளை. திரு, வெள்ளை, கோடு, உங்கம்மா. ஒரு கையில காகிதம், ஒரு கையில போனு. ரெண்டுல எது பொய்?

நான் எட்டாப்போட நிறுத்தின ஆளுதான். ஆனா ஒண்ணு தெரியும். காகிதப் பத்திரிகைன்னா அச்சடிச்சது அச்சடிச்சதுதான், ஒருத்தன் பேரு விட்டுப்போச்சுன்னா காலத்துக்கும் சண்டை. இந்தப் போன் பத்திரிகையில அப்படி இல்லைன்னு நீதானே ஒரு தடவை பெருமையாச் சொன்ன? எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், யாருக்கும் தெரியாதுன்ன. அப்ப, என் கடுதாசி கிடைச்சப்புறம் பேரைச் சேர்த்து, அச்செடுத்து அனுப்பியிருக்கலாம்லா? நீ பொய் சொல்லுதன்னு சொல்லல. சொல்லலாம்லான்னு கேக்கேன்.

உங்கம்மாகிட்டக் கேட்டேன். "அவ போட்டிருக்கேன்னு சொன்னா போட்டிருப்பா"ங்கா. அவ எப்பவும் உன் கட்சி. அவ கையில இருக்கது பட்டன் போனு, அதுல பத்திரிகை தெரியாது, சாட்சியும் செல்லாது. பாத்திரக்கடை அசன் மைதீனும் இப்ப நமக்கு ஆகாது. பத்திரிகை வந்த மறுநாளே டீக்கடையில வச்சு, நாலு பேரு முன்னால, என் பேரைப் பத்தி எகத்தாளமா ஒரு வார்த்தை சொல்லிட்டான். அன்னையிலேருந்து அவன் கடையைத் தாண்டும்போது நான் வானத்தைப் பார்த்து நடக்கேன். நேத்து ஒரு சைக்கிள்ல முட்டிக்கிட்டேன்.

அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் வேலை நடக்கு. ஏணியில நின்னுக்கிட்டே ரெண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைதான்.

அப்பா


சென்னை
12.8.2024

அப்பா,

"சொல்லலாம்லா" என்று கேட்டீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாளாகப் பத்திரிகையை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை என்றே இப்போது நம்புகிறேன். ஏனென்றால் பத்திரிகை எந்தப் போனில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பது எனக்கு இங்கே தெரியும். ஒரு பழைய போனில் மட்டும் காலையிலும் மதியமும் சாயங்காலமும், கோயிலுக்குப் போகிற மாதிரி, விடாமல் திறந்திருக்கிறது. சாக்குத் தேடுகிற ஆள் அப்படித் திறக்க மாட்டார்.

அப்படியானால் உங்கள் போன்தான் எதையோ மறைக்கிறது. போனில் திறக்கிற இந்த மாதிரிப் பக்கங்களைச் செய்வதே என் வேலை என்பதால் எனக்கு அவமானமாகவும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

தங்க எழுத்து என்பது ஒரு தந்திரம். எழுத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, அதற்குப் பின்னால் தங்கத் தகடு வைப்பது. எழுத்தின் வடிவத்தில் மட்டும் தகடு தெரியும். எல்லாப் போனாலும் இதைச் செய்ய முடியாது. அதனால் பத்திரிகை திறந்தவுடன், நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்கிற சின்னக் கட்டளைக் குறிப்பு, உங்கள் பிரவுசரிடம், அதாவது பக்கத்தைத் திறந்து காட்டுகிற அந்தச் செயலியிடம், ஒரு கேள்வி கேட்கும்: "தங்க எழுத்து உன்னால் முடியுமா?" முடியும் என்றால் தங்கம். முடியாது என்றால் சாதாரணக் கறுப்பு.

ஒரு காலத்தில் "உன் பேர் என்ன?" என்று கேட்டு முடிவு செய்தார்கள். ஆனால் எந்தப் பிரவுசரைக் கேட்டாலும் ஒரே பழைய பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வரும். அதனால் இப்போது பேரை நம்புவதில்லை. "இது முடியுமா?" என்றுதான் கேட்கிறோம்.

ஆக உங்கள் போனில் தங்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வர வேண்டும். வெள்ளை வர வழியே இல்லை. அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைக் குடைகிறது.

மெசேஜில் ஒரு லிங்க் அனுப்புகிறேன். பேச்சு ஒன்றும் இருக்காது, வெறும் முகவரிதான், உங்கள் சத்தியத்துக்குப் பங்கம் வராது. திறந்தால் கட்டம் கட்டமாக வரும். இடது பக்கம் உங்கள் பிரவுசர் சொல்கிற பதில். வலது பக்கம் அது செய்து காட்டுகிற வேலை. இரண்டு பக்கமும் என்ன தெரிகிறதோ அப்படியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

செல்வி


சேரன்மகாதேவி, கொடைப் பந்தலுக்குக் கீழே
15.8.2024

அன்பு மகளுக்கு,

யாரு எத்தனை தடவை திறந்து பார்த்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? இது என்ன பத்திரிகையாட்டி, போலீஸ் ஸ்டேஷனா? வீராப்பா இருக்கோம்னு நெனைச்சுக்கிட்டு ஒரு மனுசன் கழுத்து நரம்பு புடைக்க நிக்கான், அங்கன நீ உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருந்திருக்க. போகட்டும், சவத்தை விடு.

லிங்க்கைத் தொட்டேன். தொடுதது பேச்சுக் கணக்குல வராதுன்னு அம்மன்கிட்டச் சொல்லிட்டுத்தான் தொட்டேன்.

முதல் கட்டம், மூலையை உருட்டுதது. முடியும்னு பச்சையில போட்டிருக்கு. பக்கத்துல கட்டம் முறுக்கு வாங்குத டப்பா மாதிரி உருண்டுதான் இருக்கு. அடுத்தது நிழல். முடியும். நிழலும் விழுது. கால் நடாம, கயிறு கட்டாம நிழல் போடுதாளே என் மகள், பந்தல்காரன் பொழைப்புல மண்ணுன்னு நெனைச்சேன். அப்புறம் சாய்ஞ்ச எழுத்து, அசையுத பூ. பூ அசையுது. கொடைக்கு வந்த பொம்பளைங்க ரெண்டு பேரு எட்டிப் பார்த்துட்டு, "அண்ணாச்சி இந்த வயசுல கேம் ஆடுதாக"ன்னு சிரிச்சுக்கிட்டுப் போறாளுக.

கடைசிக் கட்டம் தங்க எழுத்து. இடது பக்கம் "முடியும்". மத்ததுக்குப் போட்ட அதே பச்சை. வலது பக்கம் ஒண்ணும் இல்ல. தங்கமும் இல்ல, கறுப்பும் இல்ல. கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு. மூடித் திறந்தேன், போனையே அணைச்சுப் போட்டேன். அப்பவும் முடியும்னு சொல்லுது, ஒண்ணும் செய்ய மாட்டேங்குது.

எனக்கு ஆத்திரம் வரல, சிரிப்புத்தான் வந்துச்சு. பந்தலுக்கு ஆளு கூப்பிட்டா இப்படித்தான். "காலையில ஆறு மணிக்கு வந்துருவியாலே?"ன்னா "அதுக்கென்ன அண்ணாச்சி"ம்பான். ஆறும் ஆகும், எட்டும் ஆகும். கேட்டவுடனே முடியும்னு சொல்லுதவனை நான் இப்பல்லாம் நம்புததில்ல.

என்னன்னு சீக்கிரம் எழுது. தபால்காரர் தெருவுல நுழையும் முன்னால நான் வாசலுக்குப் போயிருதேன். அவரு என்னைப் பார்த்தா சைக்கிளைத் திருப்புதாரு.

அப்பா


சென்னை
18.8.2024

அப்பா,

கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். கழுவி வச்ச தட்டு என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். பேருக்கு என்ன ஆயிற்று என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

உங்கள் பிரவுசர் பொய் சொல்லவில்லை. தங்க எழுத்துப் போட அதற்குத் தெரியும். ஆனால் வேறு யாரோ அதன் கையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எழுத்தைக் கண்ணாடியாக ஆக்கியிருக்கிறது, பின்னால் வைத்த தகட்டை மட்டும் யாரோ தள்ளிவிட்டார்கள். தகடு இல்லாத கண்ணாடியில் என்ன தெரியும்? வெள்ளைதான்.

நீங்கள் பந்தக்கால் நட்டு மண்ணை மிதித்த பிறகு, தோளால் ஒரு இடி இடிப்பீர்கள். சின்ன வயதில் நானும் கூட வந்து இடிப்பேன், விழுந்தால் திட்டு வாங்குவேன். இந்தப் பத்திரிகைக்கு நான் இடிக்கவே இல்லை அப்பா. முடியுமா என்று கேட்டேன், முடியும் என்றது, உடனே அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். உங்கள் பேர் என்று தெரிந்தும் போய்விட்டேன்.

இரண்டு காரியம் செய்யுங்கள். பிரவுசரின் மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டு, டேட்டா மிச்சம் பிடிக்கிற மாதிரி ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அதை மாற்றும் முன்னால் இன்னொன்று. திருவுக்குப் பக்கத்து வெள்ளையின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நகலெடுக்கவா என்று கேட்கும். எடுத்து, மெசேஜ் எழுதுகிற இடத்தில் ஒட்டுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். அங்கே என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

இதையும் நேற்றுத்தான் சேர்த்தேன் என்று நீங்கள் சொல்லலாம். முதல் நாள் பார்த்த வேறு ஆள் யாராவது சொன்னால்தான் உண்டு. மைதீன் மாமாவுக்கும் உங்களுக்கு அனுப்பின அன்றைக்கே அனுப்பினேன்.

செல்வி


சேரன்மகாதேவி
21.8.2024

அன்பு மகளுக்கு,

பைய, ஒண்ணு விடாம எழுதுதேன்.

நீ சொன்னபடி வெள்ளை மேல விரலை வச்சேன். முதல்ல கோடு மாட்டுச்சு. அடுத்து உங்கம்மா பேரு மாட்டுச்சு, அவ எப்பவும் முன்னால வந்துருவா. மூணாந்தடவை நகத்து நுனியால பைய அமுக்கினேன். வெறும் வெள்ளையில ஒரு நீலப் பட்டை விழுந்துச்சு. உள்ள ஒண்ணும் தெரியல, ஆனா பட்டை விழுது. ஆளு இல்லாத கட்டில்ல போர்வை மட்டும் மேடா கிடக்க மாதிரி. நகலெடுத்து ஒட்டினேன்.

பலவேசம்.

உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் அன்னைக்கே சொன்னேன்லா"ன்னுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. நான்தான் அங்கனயே உட்கார்ந்திருந்தேன்.

இப்ப அந்த மூணு புள்ளி விவகாரம். சொல்ல வெக்கமா இருக்கு. காலையில தேரோட்டம், யானை குளிக்குததுன்னு வீடியோ பார்த்துப் பார்த்து, மதியத்துக்குள்ள நெட்டு தீர்ந்துரும். செல்போன் கடைக்காரர் ஒருத்தர், "அண்ணாச்சி, இந்தப் பச்சை இலைப் படத்தை அமுக்கி விட்டுருங்க, பெரிய படம், பின்னணி எல்லாத்தையும் தள்ளிட்டு எழுத்தைக் காட்டும், சாயங்காலம் வரைக்கும் தாங்கும்"னாரு. அமுக்கினேன். அவரு சொன்னது சரிதான், நெட்டு தாங்குச்சு. நீ ஆசையா வச்ச தங்கத்தகட்டை நான்தான் மிச்சம் பிடிச்சுத் தள்ளியிருக்கேன். என் பேரை அழிச்ச படுபாவி யாருன்னு ஊரெல்லாம் தேடினேன், அவன் என் சட்டைப்பையிலயே இருந்திருக்கான். இலையை அணைச்சதும் தகதகன்னு வந்து நிக்குது பேரு.

தகதக. அந்த வார்த்தையிலதான் எனக்கு வேர்த்துருச்சு. மைதீன் அன்னைக்கு டீக்கடையில சொன்னது என்ன தெரியுமா? "வே பலவேசம், பத்திரிகை பார்த்தேன். உம்ம பேரு தகதகன்னுல்லா இருக்கு." என் போன்ல வெள்ளை. நான் எகத்தாளம்னு நெனைச்சு, "ஏன் வே, உம்ம பேரையும் போடச் சொல்லவா, இடம் காலியாத்தான் கிடக்கு"ன்னுட்டு எழுந்து வந்துட்டேன். அந்த மனுசன் உள்ளதைச் சொல்லியிருக்கான். உன் கடுதாசிக்கெல்லாம் முன்னாலயே சொல்லியிருக்கான்.

அவன் கடைக்குப் போனேன். அண்டாவைக் கவுத்து வச்சுத் தட்டி ஓட்டை பார்த்துக்கிட்டிருந்தான். நிமிரல.

"மைதீன், என் போன்ல பேரு தெரியல வே. அதான்."

"தெரியலைன்னா கண்ணாசுபத்திரிக்குப் போகணும் வே. என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுந்தீரு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. போன்ல இலையை அமுக்கிட்டேன்."

"இலையா? என்ன இலை?"

முழுக்கதையும் சொன்னேன். பாதியிலயே சிரிக்க ஆரம்பிச்சு, அண்டா மேலயே சாய்ஞ்சுட்டான். "நெட்டை மிச்சம் பிடிச்சு மகளை விடப் பார்த்தீரே வே"ன்னான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா அந்த வார்த்தை உள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு எழும்ப மாட்டேங்குது.

ஆக, பேரு இருக்கு. ஒத்துக்கிட்டேன். வாரேன்னு எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரல. நேத்துலேருந்து குடோனுக்குப் போறேன், சவுக்குக் கம்பை இங்கனேருந்து அங்கன மாத்திப் போடுதேன், மறுபடி எடுத்து வைக்கேன். அங்கன வந்து நான் என்னட்டி செய்வேன்? ஓட்டல் ஏ.சி.யில நாற்காலியில உட்காரணுமா? பந்தல் இல்லாத கல்யாணத்துல எங்கன நிக்கணும்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் நான் எந்தக் கல்யாணத்துலயும் உட்கார்ந்ததில்ல.

அப்பா


சென்னை
24.8.2024

அப்பா,

பத்திரிகையைத் திருத்திவிட்டேன். முன்பு, முடியும் என்ற பதில் வந்தவுடனே எழுத்தைக் கண்ணாடியாக்கினேன். இப்போது முதலில் கறுப்பில் எழுதுகிறேன். யார் போனிலும் அந்தக் கறுப்பு வந்து நிற்கும். அதன் மேல்தான் தங்கம் வைக்கிறேன். வைத்த பிறகு ஸ்கிரிப்ட் ஒருமுறை திரும்பிப் பார்க்கும், தகடு நிஜமாகவே பின்னால் நிற்கிறதா என்று. நிற்கவில்லை என்றால் கறுப்பையே திருப்பிக் கொடுத்துவிடும். நீங்கள் மறுபடி இலையை அமுக்கினாலும் இனி உங்கள் பேர் போகாது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பந்தல் வேண்டாம் என்றபோது செலவு, நாகரிகம் என்று ஏதேதோ சொன்னேன். அதெல்லாம் இல்லை. அத்தை மகள் பொன்செல்வி கல்யாணத்தில் தாலி கட்டும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஏணியில். சீரியல் லைட் ஒரு வரிசை எரியவில்லை என்று மேலே நின்று வயரைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். கெட்டிமேளத்துக்குக்கூடத் திரும்பவில்லை. நான் கீழே நின்று பார்த்தேன். என் கல்யாணத்திலும் அண்ணாந்துதான் உங்களைப் பார்க்க வேண்டுமோ என்று அன்றைக்கே பயந்தேன். பந்தலே இல்லாவிட்டால் ஏணியும் இருக்காது என்று நினைத்தேன். நீங்களே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கவில்லை.

மகாராஜனிடம் பேசினேன். ஓட்டலை விட்டுவிட்டோம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அவன் குடியிருக்கிற வீட்டு மொட்டை மாடியில் மாலை மாற்றி, அங்கேயே சாப்பாடு. மதிய வெயிலில் முப்பது பேர் வெட்டவெளியில் உட்கார முடியாது. காங்கிரீட் தளம், குழி தோண்ட முடியாது. வீட்டுக்காரர் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார். பிற்பகலில் கடல்காற்று தூக்கி அடிக்கும்.

அங்கே பந்தல் முடியுமா அப்பா?

முடியும் என்றால் ஒரே ஒரு நிபந்தனை. மாலை மாற்றும்போது நீங்கள் கீழே நிற்க வேண்டும். என் பக்கத்தில்.

செல்வி


சேரன்மகாதேவி
27.8.2024

அன்பு மகளுக்கு,

முடியும்.

மேல உள்ள வார்த்தையை உன் கடுதாசியைப் படிச்சு முடிச்ச கையோட எழுதிட்டேன். எழுதிட்டுப் பார்த்தா எனக்கே பக்குன்னு இருக்கு. காங்கிரீட் தளத்துல நான் ஒரு நாளும் பந்தல் போட்டதில்ல. மண்ணு இருந்தாத்தான் எனக்குத் தொழிலு. கேட்டவுடனே பச்சையில முடியும்னு போட்டுட்டேன், உன் பிரவுசர் மாதிரி.

அதனால குடோன் வாசல் சிமெண்ட் தரையில போட்டுப் பார்த்தேன். தகர டின்னுல மணலை நிரப்பிக் காலை நிறுத்தி, தோளால ஒரு இடி இடிச்சேன். காலும் டின்னும் நானும் ஒண்ணா விழுந்தோம். முழங்கை சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்ல. மைதீன் ஓடி வந்து என்னைத் தூக்காம, டின்னைத் தூக்கிப் பார்த்தான். "இது சின்னது வே, ஆடத்தான் செய்யும். என் பிரியாணி அண்டா நாலை எடும்"னான். நாலு அண்டாவுலயும் ஈர மணலைக் குத்திக் கெட்டியாக்கி, நடுவுல ஒவ்வொரு காலா நிறுத்தி, நாலு காலையும் மேல குறுக்குக் கம்பால ஒண்ணோட ஒண்ணு பிணைச்சேன். இடிச்சேன். மைதீனும் இடிச்சான். நின்னுச்சு. எதிர்த்த மைதானத்துலேருந்து காத்து வந்தப்ப முனகிச்சு, ஆனா நின்னுச்சு. கடல்காத்துக்கு என்ன செய்யும்னு இங்கன இருந்து எனக்குத் தெரியாது. அதை அங்கன வந்து இடிச்சுத்தான் பார்க்கணும்.

கம்பும் துணியும் அண்டாவும் லாரி பார்சல்ல நாளைக்கு ஏறுது. மணலை அங்கன கடையில வாங்கிக்கலாம், இங்கனேருந்து ஆத்து மணலைக் கொண்டு வந்தா உன் கல்யாணத்தன்னைக்கு நான் ஜாமீனுக்கு நிக்கணும். அண்டாவுல மணலைப் போட்டுட்டா சோறு எதுல ஆக்குததுன்னு உங்கம்மா கேக்கா. மைதீன் அவன் கணக்குக்குத் தனியா ரெண்டு அண்டா ஏத்துதான். அவனும் வாரான்.

திங்கக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல நாங்க மூணு பேரும் ஏறுதோம். செவ்வாய் காலையில எழும்பூர். அம்மனுக்குக் கொடுத்த வாக்கு போனுக்கு மட்டும்தான், நேர்ல பேசினா கணக்குல வராதுன்னு பூசாரியும் சொல்லிட்டாரு. இருந்தாலும் முதல் வார்த்தை எப்படி வரும்னு தெரியல. நீயே ஆரம்பிச்சிரு.

ஏணி நான் கொண்டு வரல. மாப்பிள்ளை வீட்டுல ஏணி இருந்தா, கல்யாணத்தன்னைக்குக் காலையில எங்கேயாவது பூட்டி வச்சிரச் சொல்லு. சாவியை எங்கிட்டத் தர வேண்டாம்.

தங்கம் அப்படியே இருக்கட்டும், எடுத்துராத. இலை அமுக்குத ஆளுகளுக்குக் கறுப்பு போதும்.

மாலை மாத்தும்போது கீழே, உன் பக்கத்துல நிக்கணும்னு எழுதியிருக்க. நிப்பேன்னு எழுத எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனா நான் எழுதினதை மட்டும் வச்சு நம்பிராத. மாலையைக் கையில வாங்கினதும் ஒரு தடவை திரும்பிப் பாரு.

இப்படிக்கு,
திரு. பலவேசம்